டிஸ்க்கு அப்பளமான கதை

ஓடாத வண்டிக்கு மெக்கானிக்கைத் தேடி வர்றவன், நிக்காத வண்டிக்குத் தேடி வரமாட்டான். என் தொழில் அந்த நிக்காத வண்டிதான்.

விருதுநகர்ல சிவகாசி ரோட்டு மேல, ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பிரேக் இந்த மூணுக்கு மட்டும் கடை போட்டிருக்கேன். வண்டியோட வந்ததைக் கழட்டிட்டு அதைவிட நல்லதா மாட்டிவிடுறது வேலை. நம்ம ரோட்டுல கார் ஓட்டிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே எறங்குற உங்களுக்கு என் அருமை தெரியும். ஊருக்குத்தான் தெரியல. "எஞ்சின் நல்லாத்தானே ஓடுது பாய்"னு கேட்டுட்டு எதிர்த்தாப்புல டீ குடிக்கப் போயிருவாக. ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன் மாரியப்பண்ணன் தன் காரைக் கொண்டாந்து விட்ட அன்னைக்குத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அவருக்குப் பிடிச்சுப்போனா கம்பெனி வேன் ஆறும் என் கடைக்கு வரும். பிடிக்கலேன்னா ஆமத்தூர் டீக்கடையில என் பேரு நாறிரும். கடையே அவர் கார்லதான் தொங்குச்சு.

தரையோட தரையா

மல்லாங்கிணத்துப் புதுமாப்பிள்ளை ஒருத்தன், போன்ல எதையோ பார்த்துட்டு வந்து, காரைத் தரையோட ஒட்டி எறக்கணும்னு நின்னான். நம்ம பக்கத்து வேகத்தடையெல்லாம் ஆடு அடிபட்ட கோவத்துல ஊர்க்காரங்களே மண்ணைக் கொட்டி வச்சது, அளவு கெளவு எல்லாம் கெடையாது, வேண்டாம்பான்னேன். கேக்கல. குட்டை ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே மாமியார் வீட்டாளுகளை ஏத்திக்கிட்டு சாத்தூர்ல ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கான். ஒவ்வொரு மேட்டுலயும் வண்டி வயிறு தட்டுது. எல்லாரும் எறங்கணும், மேட்டைத் தாண்டி நடக்கணும், திரும்ப ஏறணும். ஏழாவது மேட்டுல எறங்குன மாமியார் ஏற மாட்டேன்னுட்டாக. அவுக சொன்னதை அவனே வந்து என்கிட்டச் சொன்னான்: "மாப்ள, நீங்க மொள்ள வாங்க. நாங்க நடந்து முன்னால போறோம், முதல் பந்திக்காவது உக்காருவோம்."

மூணாவது தடவை

மாரியப்பண்ணன் காருக்குப் புது ஷாக், சக்கரத்தோட சுத்துற இரும்புத் தட்டு டிஸ்க் புதுசு, மிதிச்சா அதைக் கவ்விப் பிடிக்கிற நல்ல பேடு எல்லாம் போட்டேன். புதுப் பேடு சூடேறுனா கொஞ்ச நாளைக்குக் கருகல் வாடை வரும், பயப்படாதீகன்னும் சொல்லித்தான் விட்டேன். தலையாட்டிட்டுப் போனாரு. பத்து நாள்ல திரும்பி வந்துட்டாரு. பிரேக்கை மிதிச்சா பெடல் காலை உதைக்குதாம், ஸ்டீயரிங் கெடந்து ஆடுதாம். கழட்டிப் பார்த்தா டிஸ்க் ரெண்டும் கோணிக் கெடக்கு. லேத்துல விட்டுச் சரிபண்ணிக் கொடுத்தேன். மறுபடி கோணல். டிஸ்க் வித்த கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டு வேற டிஸ்க் வாங்கி மாட்டுனேன். அதுவும் கோணல்.

எனக்கு அழுகை வராத குறை. மூணாவது தடவை வந்தப்ப, வேலை பார்த்துக்கிட்டிருந்த அம்புட்டுப் பேர் முன்னாலயும், ரொம்பப் பொறுமையாக் கேட்டாரு: "பாய், நீங்க மாட்டிவிட்டது டிஸ்க்கா, அப்பளமா?"

போன வருசக் கேலண்டர்

சிவகாசிக் கேலண்டர் ஏஜென்ட் ஒருத்தர். சீசன்ல டிக்கி நெறையக் கேலண்டர் கட்டு ஏத்துவாரு. பேப்பர் கனம் உங்களுக்குத் தெரியும்ல, காரு பின்னால குந்தி முன்னால வானத்தைப் பார்க்கும். முரட்டு ஸ்பிரிங்கா போட்டுவிட்டேன். லோடோட போறப்ப மெத்தையில போற மாதிரி இருந்துச்சு. பொங்கல் முடிஞ்சு டிக்கி காலியானதும் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் காரு குதிக்க ஆரம்பிச்சிருச்சு.

சித்திரையில பிரேக் பார்க்க வந்தாரு. டிக்கியத் தொறந்தா போன வருசம் விக்காத கேலண்டர் மூணு கட்டு உள்ள கெடக்கு. எறக்கி வைக்கட்டுமான்னு கேட்டேன். பதறிப்போயி டிக்கியச் சாத்துனாரு. "அதைத் தொடாதீக. போன வருசக் கேலண்டர் இல்லாம இந்த வண்டியில மனுசன் உக்கார முடியாது பாய்." போறபோக்குல, ஆமத்தூர் டீக்கடையில என் டிஸ்க்கைப் பத்தி ஒரு மாதிரியாப் பேசுறாகளேன்னு வேற கேட்டுட்டுப் போனாரு.

தால்ச்சா

வெளியாளுகதான் இப்படின்னா, வீட்டாளு அதுக்கு மேல. என் வீட்டம்மாவோட அண்ணன், பருப்பு மண்டி வச்சிருக்காரு. அவர் காருக்கு ஆசை ஆசையா பிரேக்கை மாத்திக் கொடுத்தேன். பழைய பிரேக்குக்கு ஒரு பர்லாங்குக்கு முன்னாலயே ஓங்கி மிதிச்சுப் பழகுன காலு. நாலுவழிச் சாலையில ஆடு குறுக்க வரவும் அதே மிதி மிதிச்சாரு. காரு நின்னுருச்சு. பின் சீட்டுல, பிரியாணிக்குத் தொட்டுக்கிற தால்ச்சாக் குழம்போட இருந்த தூக்குவாளி நிக்கல. நேரா என் கடைக்கு வந்து எறங்குனாரு, சட்டையில கத்திரிக்காயோட. "பிரேக் அருமை மாப்ள. என்ன, தால்ச்சாகிட்ட யாரும் முன்கூட்டிச் சொல்லல."

வாளி

இனிமே பொறுக்க முடியாதுன்னு ஒருநாள் காலையில மாரியப்பண்ணன் கார்ல நானே ஏறி உக்காந்தேன். மனுசன் பதவிசாத்தான் ஓட்டுறாரு. கம்பெனி கேட்டுக்கு வெளியில வேப்பமரத்தடியில நிப்பாட்டுனாரு. எறங்குனாரு. கேட்டோரமா, தீப்பிடிச்சா அணைக்க வரிசையாத் தொங்குற செவப்பு வாளியில ஒண்ணை எடுத்துத் தொட்டியில முக்குனாரு. முன் சக்கரத்துல ஊத்துனாரு. சொய்ங்குனு ஆவி பறந்துச்சு. அடுத்த சக்கரத்துக்கு அடுத்த வாளி. கருகல் வாடை வரும்னு நான் சொன்னதைக் கேட்டு அவர் பயப்படல. அதுக்கு என்ன செய்யணுமோ அதை ரெண்டு வேளையும் செஞ்சிருக்காரு.

எனக்கு வந்துச்சே கோவம். கொதிக்கிற இரும்புல பச்சைத்தண்ணி ஊத்துனா கோணாம என்ன செய்யும்னு, போர்மேன்னுகூடப் பார்க்காமக் கத்திட்டேன். காரு எரியாது, தானா ஆறிரும், அரை மணி நேரம் சும்மா விடுங்கன்னேன். வேலைக்கு வந்த பொம்பளைகள்லாம் நின்னு வேடிக்கை பார்த்தாக. அவரு சங்கடப்படல. டிஸ்க் மேல தப்பில்லேன்னு டீக்கடையில தானே சொல்லிர்றதாச் சொன்னாரு. வேனையும் திங்கக்கிழமையில இருந்து ஒண்ணொண்ணா அனுப்புறேன்னாரு. வாளியக் கீழ வைக்காமலே சொன்னாரு.

"இனி ஊத்தல பாய். ஆனா சூட்டைக் கண்டா வாளியத் தூக்குற கையி இது. இருபத்தாறு வருசமா அப்படித் தூக்குனதாலதான், என்கிட்ட வேலை பார்த்த அம்புட்டுப் பேரும் பத்து விரலோட சோறு திங்கிறாக."

அதனால இப்ப என் கடை பில்லுல, கேரண்டிக்கு மேலயே "சக்கரத்துல தண்ணி ஊத்தக் கூடாது"ன்னு கொட்டை எழுத்துல அடிச்சிருக்கேன், ஆனா எவனாவது ஊத்திட்டு வந்து நின்னா மட்டும் முன்ன மாதிரி கத்த வாய் வரமாட்டேங்குது.