ஐந்து குழாய், ஒரே ஆள்

லாண்டரியின் இஸ்திரி அறையில் அவளுக்கு ‘நானாச்சு’ என்று பேர். யாருக்கு எது வேண்டுமென்றாலும் “அதுக்கு நானாச்சு” என்று கிளம்பிவிடுவாள். மின் கட்டணம் கட்ட வரிசையில் நிற்பாள், அடுத்தவள் பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குவாள். ஒருத்தி தன் புருஷனோடு போட வேண்டிய சண்டையைக்கூட இவளே போய்ப் போட்டிருக்கிறாள். சண்டைக்குச் சொந்தக்காரி பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி அந்த அறைக்கும் வந்தது. பெண்கள் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் ஏசி அறைகளில் வெகுகாலம் யோசித்து, கடைசியில் பரிசோதனையையே பெண்களிடம் அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு குழாய், உள்ளே சின்னதாக ஒரு பிரஷ். குளியலறையில் தானே மாதிரி எடுத்துக் கொடுத்தால், நோயைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகம் சொல்லிவிடும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த ஐந்து பெண்களில் நான்கு பேர் குழாயைத் தொடவே மாட்டேன் என்றார்கள்.

குழாய் கொண்டுவந்த பெண் அழாக்குறையாக நின்றாள். “அஞ்சுல ஒண்ணுதான்னா மேல என்னை வறுத்தெடுத்துடுவாங்கக்கா.”

“குடும்மா. சாயங்காலம் அஞ்சும் வந்துரும். நானாச்சு.”

வந்தது. ஐந்தும் அவள் ஒருத்தி உடம்பிலிருந்தே வந்தது.

சில வாரம் கழித்து ஐந்து பேர் போனுக்கும் செய்தி வந்தது: கிருமி இல்லை. நூற்றுக்கு நூறு பங்கேற்பு என்று லாண்டரிக்கு ஒரு கேடயமும் வந்தது. ‘விழிப்புணர்வின் வெற்றி’ என்று ஆராய்ச்சிக் குழுத்தலைவர் மேடையேறிப் பேசினார். அதைக்கூட விட்டுவிடலாம். குழாயைத் தொடாதவர்களும் அந்தச் செய்தியை நம்பினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பேர் போட்டு வந்திருக்கிறதாம்!

அதிகம் நம்பியவள் தொடாத நால்வரில் ஒருத்தியான, நானாச்சுவின் சொந்தத் தங்கை. தங்கைக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் பட்டது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

“ஆஸ்பத்திரிக்கு வாடி.”

“எதுக்குக்கா? எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சே.”

அக்கா விடவில்லை. அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“இப்பதானே டெஸ்ட் பண்ணியிருக்கீங்க? சுத்தமா இருக்கு. சத்து மாத்திரை எழுதித் தரேன்.”

தங்கை எழுந்துவிட்டாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். ஊருக்கெல்லாம் பேசுகிறவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அது இவளோடது இல்ல டாக்டர். என்னோடது. அஞ்சுமே என்னோடதுதான்.”

“அப்ப லாண்டரிக்கு நாங்க கேடயம் குடுத்த அந்த நூத்துக்கு நூறு?”

“அதுவும் நான்தான்.”

டாக்டர் தங்கையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கூடவே எழுந்த அக்காவை நர்ஸ் தடுத்து உட்காரவைத்தாள். வெகுநேரம் கழித்து டாக்டர் கை கழுவிக்கொண்டே வந்தார்.

“உள்ள புண் இருக்கு. கொஞ்சம் சதை எடுத்து அனுப்பணும். ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்.”

தங்கை புடவையைச் சரிசெய்தபடி அக்காவிடம் வந்தாள். சற்றுமுன் எல்லாவற்றையும் காதால் கேட்டவள்தான். இருந்தும் கேட்டாள்.

“எனக்கு இல்லைன்னுதானேக்கா வந்துச்சு?”

“எனக்கு இல்லைன்னுதான்டி வந்துச்சு” என்று சொல்லி அக்கா அழுதாள்.