சின்னத் தட்டில் ஒரு துடிப்பு

போன சனிக்கிழமை ஒரு மைக்ரோஸ்கோப் முன்னால் குனிந்த என் கணவர் நிமிரவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் பதற்றம். மனிதர் அழுதுகொண்டிருந்தார்!

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு அறை ஒன்றில் மலர்விழி வாடகைக்கு இருக்கிறாள். திருநெல்வேலிப் பெண். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. போன வருடம் ஒரு ஞாயிறு காலை நான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், இவர் சமையலறையில் சுருண்டு விழுந்துவிட்டார். மாரடைப்பு. இதயம் நின்றேபோயிற்று. மலர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, அவர்கள் ஸ்பீக்கரில் சொல்லச் சொல்ல, ஆள் வரும்வரை இவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பிழைத்தார். நன்றி சொன்னாரா?

"என் விலா எலும்பை உடைச்சுட்டா லா அந்தப் பொண்ணு!" – நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இதே புகார்.

எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அவருக்குள் இருந்தது பயம். இதயத் தசையில் செத்துப்போன பகுதி மறுபடி வளராது என்று டாக்டர் சொன்னதிலிருந்தே ஆள் ஒடுங்கிவிட்டார். உடற்பயிற்சி சிகிச்சைக்கு வரச் சொன்னார்கள். போகவில்லை. "அரை இதயத்தை வச்சுக்கிட்டு எங்க ஓடுறது?"

மலரின் ஆராய்ச்சியும் இதயம்தான் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. கரு ஸ்டெம் செல் என்பது, என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காத செல். மூளை, தோல், எலும்பு... எதுவாகவும் ஆகலாம். வெளியிலிருந்து ரசாயனச் செய்திகள் (சிக்னல் என்பாள்) வந்து அதைத் தொடுமாம். உள்ளே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, அந்தச் செய்தி ஜீன்கள் வரை போகுமாம். அதைப் பொறுத்துத்தான் செல்லின் தலைவிதி. சரியான செய்திகளைக் கொடுத்து இதயச் செல்லாக்குவது இவள் வேலை.

மாதக்கணக்கில் முயன்றும் அது சரியாக வரவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், "பேசாம ஊருக்கே போயிடலாம்னு இருக்கு ஆன்ட்டி" என்றாள். சோறு அப்படியே இருந்தது.

சில வாரம் கழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினாள்.

"துடிக்குது ஆன்ட்டி!"

"என்னம்மா பண்ணினே?"

"ஒரே சிக்னல்தான். முதல்ல அது வேணும். அப்புறம் அதையே நிறுத்தணும். நான் நிறுத்தறதுல லேட் பண்ணிட்டு இருந்திருக்கேன்!"

அவள் வேலையிடத்தில் குடும்பத்தாரை அழைத்துவரும் நாள் வந்தது. "அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் வாங்களேன்." இவர் முனகிக்கொண்டேதான் வந்தார்.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு வெளிறிய திட்டு... சுருங்கி, விரிந்து, சுருங்கி.

ஒருவழியாக நிமிர்ந்தவர் கேட்டார். "துடிக்கறதுக்கு யாரும்மா இதுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலை அங்கிள். இதயமா ஆகறதுக்குத்தான் சிக்னல் கொடுத்தோம். துடிப்பு தானா வந்துச்சு."

"இதை எனக்கு...?"

மலர் பொய் சொல்லவில்லை. "அதுக்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும் அங்கிள். உங்களுக்குக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

இவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல லா. அன்னைக்கு நீ அழுத்தலைன்னா இருக்கற அரையும் போயிருக்கும். நான் உனக்கு ஒரு வார்த்தைகூட சொல்லலையே... ரொம்ப நன்றிம்மா."

 

நாமும் நல்லதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறோம், இல்லையா? சொல்வது போய்ச் சேர கேட்பவருக்கும் வேளை வர வேண்டும்போல. ஒரு வருடம் நான் கெஞ்சியும் நகராதவர், செவ்வாய்க்கிழமை தானே ஷூவைத் தேடி எடுத்து உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கிளம்பினார். எந்தச் சாமிக்கு நன்றி சொல்ல? எங்கள் வீட்டு அறைக்கு இந்தப் பெண்ணை அனுப்பிய சாமிக்குத்தான்.

நேற்று மதியம் மீன் தலைக் கறி வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கே விட்டுத்தராத அந்தத் தலையை, மலர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நானும் ஏதாவது ஆராய்ச்சியில் சேர்ந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்!