தேறாது என்று நான் எழுதிய கன்சோல்

வீடியோ கேம் கம்பெனிகளின் போட்டியில் கையடக்கக் கன்சோல் தேறாது என்று சென்ற ஆண்டு இந்த வலைப்பதிவில் விரிவாக எழுதினேன். எவரிடமும் பயிலாமல் நானே ஆராய்ந்து கண்ட முடிவு. ஆகவே, மந்தைவெளியிலுள்ள என் கேம் கடையில் அதை வாங்கி வைக்கவில்லை.

எதிர்க்கடைக்காரர் வைத்தார். இன்று அவர் வாசலில் நீண்ட வரிசை. வயிற்றெரிச்சலை மறைப்பானேன்?

மாலையில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்தார். அகமகிழ்ந்து எழுந்தேன்.

"அக்கா, எதிர்ல செம கூட்டமா கீது. கொஞ்ச நேரம் உங்க ஃபேன் கீய குந்திக்கவா?"

"வரிசையில் உங்கள் இடம் போய்விடாதா?"

"போவாதுக்கா. உங்க வூட்டுக்காரருதான் பாத்துக்கினு கீறாரு. எனக்கு முன்னாடியே வந்து நின்னுட்டாரே!"

கணவருக்கு இன்றைய இரவு உணவை எதிர்க்கடைக்காரரே வழங்குவதுதான் முறை என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் தெரிவிக்கலாம்.