அண்ணாச்சி என்று கூப்பிட்டதற்கு

ஒருவரை அண்ணாச்சி என்று அழைத்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு அருகே, நான் காலையில் சாப்பிடும் ஓட்டலில் மாடசாமி பரிமாறுகிறார். எல்லோரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார். நான் அவருக்கு அக்கா.

நேற்று ஒரு பஞ்சு வியாபாரி புதுக் காரில் வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, தோசை முறுகலா கொண்டாரட்டா?"

"ஏலே, யாருக்கு யாரு அண்ணாச்சி? எச்சில எடுக்குத பயலுக்கு நான் சொந்தமால?"

தம்ளர் தண்ணீரை மாடசாமியின் முகத்தில் வீசினார்.

கல்லாவிலிருந்து ஓடி வந்த முதலாளி வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டார். மாடசாமியிடம், "இனிமே எவரையாவது முறை சொல்லிக் கூப்பிட்டா, அன்னைக்கே உனக்கு வேலை கிடையாது" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் குனிந்து சாப்பாட்டைத் தொடர்ந்தோம், நான் உட்பட. ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை மாடசாமி என்னிடம் வந்து, "காப்பி வேணுமாம்மா?" என்றார்.

"எப்பவும் போல அக்கான்னே சொல்லும்."

அவர் கல்லாப் பக்கம் பார்த்தார்.

"வேண்டாம்மா. வீட்டுல நாலு பிள்ளைய இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போனார்.