சிவப்புத் துணி அலசிய நாள்

எங்கள் தெருவில் ஒட்டுப்போர்வை தைப்பவளுக்கு மூக்குமேல் கோபம். துணியிடம்கூடக் கோபம்தான். கடையிலிருந்து வந்த எதையும் நம்பமாட்டாள். சுருங்குவது முன்பே சுருங்கட்டும், சாயம் போவது இப்போதே போகட்டும் என்று வெந்நீரில் ஊறப்போட்டு, கட்டையால் அடித்து அலசிய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவாள். "தச்சதுக்கப்புறம் பல்லை இளிச்சா யாரு பதில் சொல்றது?" என்பாள்.

அவள் தன் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையை மட்டும் யாரும் அப்படி ஊறப்போட்டுப் பார்க்கவில்லை. அவன் அடித்த அடியில் உடைந்த கையோடு தங்கை அக்கா வீட்டுக்கே ஓடிவந்துவிட்டாள்.

அன்று சிவப்புத் துணியின் முறை. கொல்லையில் இருந்த சிமெண்ட் தொட்டி முழுக்கச் சாயத் தண்ணீர். கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவன் வந்தான். "வாடி வீட்டுக்கு" என்று தங்கையின் முடியைப் பிடித்து இழுத்தான். வரமாட்டேன் என்றதும் அவள் தலையைத் தொட்டி விளிம்பில் மோதினான். ஒருமுறை அல்ல.

"விடுடா அவளை!" அக்கா துவைக்கிற கட்டையை ஓங்கி அவன் முதுகில் போட்டாள். இன்னொன்று முழங்காலில். அவன் தொட்டிக்குள் குப்புற விழுந்தான். எழுந்து உள்ளங்கையைப் பார்த்தவன், "ஐயோ, கொன்னுட்டா!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

தலைமுதல் கால்வரை சிவப்பு. நம் ஜனங்களுக்கு அது போதாதா? ஆளாளுக்குத் தாங்கிப் பிடித்து, நின்றிருந்த ஒரே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொல்லையில் நிஜமாகவே மண்டை உடைந்து கிடந்தவளை ஒரு நாதி எட்டிப்பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அக்கா தங்கையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கடுப்பில் இருந்தாள். மாப்பிள்ளையைத் துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை.

"இதுவும் சாயந்தானே? கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டுங்க" என்றாள், நாற்காலியை விட்டு எழாமல்.

அக்கா விட்டாள் ஓர் அறை. நர்ஸ் தன் கன்னத்தைத் தொட்டாள். அக்கா கையிலிருந்த ரத்தம் விரலில் பிசுபிசுவென்று சூடாக ஒட்டியது. ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்திக்கொண்டே ஓடினாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை கொடுத்த புகாரில் போலீஸ் வந்தது, அக்காவைப் பிடிக்க. அவள் ஆபரேஷன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ரெண்டு பேரை அடிச்சியாமே?"

"ஆமா சார். கொஞ்சம் இருங்க. டாக்டர் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்."

இருட்டிய பிறகு டாக்டர் வந்தார். "உயிருக்குப் பயமில்லம்மா" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள். வாய்விட்டு அழுது, மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார், போலாம்."