நாங்களே ஊற்றிய கிளிசரால்

ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு நொதி விற்கிற கம்பெனி. பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு நொதி என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க என்னையும் திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தியையும் போட்டிருந்தார்கள். நான் நிரந்தரம். அவள் ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் கண்டுபிடித்தால்தான் ஒப்பந்தம் நீளும் என்று மேனேஜர் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நொதியைப் படிகமாக்கி, உறையவைத்து, எக்ஸ்ரே எடுக்க வெளியே அனுப்பினோம். உருவம் வந்தது. நொதியில் ஒரு பள்ளம் இருக்கும். வேலை நடப்பது அங்கேதான். அதில் எது பொருந்தும் என்று பார்த்து நொதியின் வேலையை ஊகிக்கலாம். எங்கள் பள்ளத்தில் ஒரு கிளிசரால் மூலக்கூறு உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் திரையைத் தட்டினார். "கையும் களவுமா மாட்டிக்கிச்சு பாத்தியா? இது கிளிசரால்ல வேலை செய்யற என்சைம்."

"சார், உறையவைக்கும்போது படிகத்துல ஐஸ் கட்டாம இருக்க நாமதானே கிளிசரால் ஊத்துனோம்?" என்றாள் அவள். "நாமளே படுக்கவச்ச விருந்தாளிய திருடன்னு பிடிச்ச மாதிரில்லா இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். மேனேஜருக்குக் கோபம் ஏறியது. "ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டாச்சு. கிளிசரால்லயே டெஸ்ட் பண்ணுங்க."

"இன்னா சார், தெரிஞ்சுக்கினே தப்பு பண்ணச் சொல்றீங்க?" என்றேன்.

"சொன்னதைச் செய்."

செய்தோம். சூட்டை மாற்றி, உப்பை மாற்றி, மீதி மாதம் முழுக்க அதுவே. எதுவும் நடக்கவில்லை. நடக்காது என்று முதல் நாளே தெரியும். அந்த ஆளுடைய மெயிலுக்கு மரியாதை செய்ய ஒருத்தியின் மாதத்தைத் தின்றார்கள். கடைசி நாள் அவளுடைய அடையாள அட்டையை செக்யூரிட்டி வாங்கிக்கொண்டார். மேனேஜர் அறையை விட்டே வெளியே வரவில்லை.

மறுநாள் நான் யாரையும் கேட்கவில்லை. திரையில் கிளிசராலை அழித்துவிட்டு வெறும் பள்ளத்தைப் பார்த்தேன். அடியில் செரின், பக்கத்தில் ஹிஸ்டிடின், அதன் பின்னால் அஸ்பார்டேட். எண்ணெயிலும் பழவாசனைப் பொருள்களிலும் இருக்கிற எஸ்டர் பிணைப்பை வெட்டுகிற நொதிகள் பலவற்றில் இந்த மூன்று அமினோ அமிலங்களும் இப்படித்தான் நிற்கும். பள்ளத்தின் வாய் குறுகல்; நீளமான எஸ்டர் நுழையாது. அவளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சோதிக்க விட்டால்தானே?

வெட்டுப்பட்டால் மஞ்சளாகும் சின்ன எஸ்டர் ஒன்றை ஊற்றினேன். மஞ்சளானது. ஒப்பிட்டுப் பார்க்க வேகவைத்துக் கெடுத்த நொதியில் நிறம் ஏறவில்லை. நீளமான எஸ்டரிலும் ஏறவில்லை. பாக்டீரியாவுக்குள் எந்த எஸ்டரை வெட்டுகிறது என்பது இன்னும் தெரியாது. ஆனால் வெட்டுவதுதான் அதன் வேலை. அரை நாளில் முடிந்துவிட்டது.

மேனேஜரிடம் காட்டி, அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

"அதான் கண்டுபுடிச்சாச்சே. இனிமே ஆள் எதுக்கு?" என்றார்.

வெளியே வந்து, குன்றத்தூர் விடுதியில் இருந்த அவளுக்குப் போன் செய்து, மஞ்சளானதைச் சொன்னேன்.

"நிறம் மெதுவா ஏறிச்சாண்ணே?"

"ஊத்துன உடனே."

ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. "பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.