பட்டியலில் எழுதாத மூன்றாவது மாடி

சில ஆண்டுகளுக்கு முன், திருப்பூரை அடுத்த மங்கலம் பகுதியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். உடல் பருத்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவருவதைக் கண்டு, தினமும் காலையில் எல்லோரும் அரைமணி நேரம் ஓட வேண்டும் என்று பள்ளியில் முடிவாயிற்று. பொறுப்பை நானே விரும்பி ஏற்றேன். நூல்களில் படித்தது கண்ணெதிரே நடக்கிறதா என்று பார்க்கும் ஆவல்தான் காரணம். மாதம் ஒருமுறை எடை பார்த்து, பெயர்களோடு வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அது ஊக்கம் தரும் என்று உண்மையாகவே நம்பினேன்.

வகுப்பிலேயே பருமனான சிறுமி ஒருத்தி ஒருநாளும் ஓட்டத்தைத் தவறவிட்டதில்லை. கடைசியாகத்தான் வருவாள்; ஆனால் வந்துசேர்வாள். மூன்றாம் மாதப் பட்டியலில் அவள் எடை அரைக் கிலோ கூடியிருந்தது.

"நீ ஓடி ஓடி கிரவுண்டுதான் இளைச்சுப்போச்சு!" என்று ஒரு பையன் கத்த, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த மூன்று நாட்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் மதிய இடைவேளையில் அவளுடைய அம்மா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பனியன் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஓடுவதற்காகப் பள்ளியில் கொடுத்த பனியனை மடித்து என் மேசைமேல் வைத்தார்.

"இதைய வாங்கிக்கோங்க டீச்சர். ஓடோணும்னா பள்ளிக்கூடமே வேண்டாங்கறா."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுங்க, எடை குறைஞ்சிரும்" என்றேன்.

"குறையாட்டிப் போகுதுங்க. எங்க ஊடு மூணாவது மாடி. முன்னெல்லாம் ஏறறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காருவா. இப்ப ஒரே மூச்சுல ஏறி வந்தர்றா. அதைய உங்க பட்டியல்ல எங்கீங்க எழுதியிருக்குது?"

அவர் அந்தப் பனியனின் கழுத்துப்பட்டியை இரு கைகளாலும் இழுத்து விட்டார். அது சட்டென்று பழைய அளவுக்குச் சுருங்கியது.

"நாங்களும் எடை பாப்போமுங்க. அதை மட்டும் வெச்சு துணிய பாஸ் பண்ண மாட்டோம். இழுத்து விட்டா எவ்வளவு வெரசா திரும்புதுன்னும் பாக்கோணும்."

ஓடி நின்றபின் இதயம் எவ்வளவு விரைவில் பழைய துடிப்புக்குத் திரும்புகிறது என்பதும் உடல்நலத்தின் ஓர் அளவுதான். அதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் மைதானத்தில் ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. என்னோடு ஒரு சுற்று ஓடி வருகிறாயா என்று சிறுமியைக் கேட்டேன்.

"எல்லாரும் பாப்பாங்க டீச்சர்."

"பாக்கட்டும் கண்ணு. சேலையைக் கட்டிட்டு ஓடற என்னையப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். சுற்றி வந்து நின்றதும் இருவரும் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினோம். சற்று நேரம் கழித்து மறுபடியும் எண்ணினோம். அவளுடைய துடிப்பு நன்றாகத் தணிந்திருந்தது. ஐயத்தோடு என் கையைப் பிடித்து அவளே எண்ணிப் பார்த்தாள்.

"ஐயோ டீச்சர், உங்களுக்கு இன்னும் குறையவே இல்லீங்க!"

உள்ளே திரும்பியதும் அவளுடைய அம்மா பனியனை மேசையிலிருந்து எடுத்து மகளின் தோளில் போட்டுவிட்டு, கம்பெனிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

அன்று மாலையே அந்தப் பட்டியலைக் கிழித்தேன். மறுநாள் முதல் ஒவ்வொருவரும் தம் துடிப்பைத் தாமே எண்ணி, தம் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஆண்டு முடியும்போதும் அவள் எடை பெரிதாக மாறியிருக்கவில்லை. ஓட்டத்தில் கடைசியாக வருவதை மட்டும் அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

இன்றும் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே ஓர் எண்ணை எழுதும்போது, நான் பார்த்திராத அந்த மூன்றாவது மாடிப் படிக்கட்டில் என் பேனா ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.